நாடகத் தொகுப்பு வாங்கப் போகிறீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி நடிகர்களுக்கும் சிறு குழுக்களுக்கும் ஒரு வழிகாட்டி

நம் இரண்டு மாவட்டங்களிலும் கூத்துக்குப் பஞ்சமில்லை. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கிறது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் மேடை நாடகம் ஒன்றைப் போடலாம் என்று புத்தகம் தேடினால் தலைசுற்றும். கடையில் நாவலுக்கு ஓர் அலமாரி, சமையலுக்கு ஓர் அலமாரி, ஜோதிடத்துக்கு இரண்டு. நாடகம் எங்கோ மூலையில், கட்டுரைத் தொகுப்புகளுக்கு நடுவே கிடக்கும். எங்கள் குழுவுக்குப் பிரதி தேடப் புறப்பட்டபோது விவரம் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு துண்டுத் தகவல் சொன்னார்களே தவிர, முதலில் எதைப் பார்க்க வேண்டும், எதற்கு எவ்வளவு ஆகும், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை ஒரே இடத்தில் யாரும் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்கள் அந்த அலைச்சலைத் தவிர்க்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் ஆள் கணக்கு, பிறகு புத்தகம்

பெரிய எழுத்தாளர் பெயரைப் பார்த்துத் தொகுப்பு வாங்குவதுதான் எல்லோரும் செய்வது. வீட்டில் வைத்துப் படிக்க அது சரி. போடுவதற்கு என்றால், கையில் இருக்கும் ஆட்களுக்குப் புத்தகம் தேட வேண்டும். ஒரு தாளில் இதை எழுதுங்கள்: கட்டாயம் வருவார்கள் என்று நம்பக்கூடியவர் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், யாருக்கு எந்தக் கிழமை ஒத்திகைக்கு வர முடியும், எந்த இடத்தில் போடப் போகிறீர்கள்.

கிழமை விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஓசூரில் குழு வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒருவர் காலை ஷிஃப்ட், ஒருவர் இரவு ஷிஃப்ட், அடுத்த வாரம் அது அப்படியே மாறும். பத்துப் பேரும் ஒன்றாக மேடையில் நிற்கும் காட்சிகள் நிறைந்த நாடகத்தை எடுத்தால் முழு ஒத்திகை ஒன்றுகூட நடக்காது. இரண்டு மூன்று பேர் மட்டும் வரும் காட்சிகளாகப் பிரிந்திருக்கும் நாடகம் என்றால், வந்தவர்களை வைத்து அன்றைய காட்சியைப் பார்த்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ சீசனில் மண்டியிலும் தோப்பிலும் வேலை உள்ளவர்களை எதிர்பார்க்க முடியாது. அதையும் தாளில் குறியுங்கள்.

இடம்: கல்யாண மண்டப மேடை என்றால் அகலம் இருக்கும், ஆழம் இருக்காது, பின்பக்கம் ஜோடனைப் பலகை நிற்கும். பள்ளி மேடையில் பக்கவாட்டில் மறைந்து நிற்க இடம் இருக்காது. கோயில் திடலில் மைக் இல்லாமல் பேச்சு எட்டாது. காட்சிக்குக் காட்சி வீடும் அலுவலகமும் தெருவும் மாறுகிற நாடகம் இந்த மூன்று இடங்களுக்குமே ஒத்துவராது.

2. தொகுப்பின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓர் ஆசிரியரின் முழு நாடகங்கள்: இந்திரா பார்த்தசாரதி, ந. முத்துசாமி போன்றவர்களின் நாடகங்கள் இப்படித் தொகுப்பாகக் கிடைக்கும். கனமான புத்தகம், விலையும் அதிகம். உங்கள் குழுவால் போட முடிவது அதில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த ஒன்றுக்காக வாங்கலாமா என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

ஓரங்க நாடகத் தொகுப்பு: புதுக் குழுவுக்கு முதலில் வாங்க வேண்டியது இதுதான். இருபது நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடம், நான்கைந்து பாத்திரங்கள்.

சபா நகைச்சுவை நாடகங்கள்: படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி மயிலாப்பூர், மாம்பலம் பேச்சில் இருக்கிறது. பாலக்கோட்டுப் பையன் அந்தப் பேச்சைப் பேசினால் செயற்கையாக இருக்கும், நம் பேச்சுக்கு மாற்றினால் பல நகைச்சுவைகள் செத்துப்போகும். எனக்கு இந்த வகை மேல் ஆசை இல்லை. உங்களுக்கு இருந்தால், ஒரு காட்சியை நடிகரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

கூத்து, புராண நாடக அச்சுப் பிரதிகள்: சென்னை பி. இரத்தின நாயகர் அன்ட் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் மலிவு விலையில் போட்ட புத்தகங்கள் திருவிழாக் கடைகளில்கூடக் கிடைக்கும். பெரும்பகுதி பாட்டும் விருத்தமும். மெட்டு புத்தகத்தில் இருக்காது, வாத்தியாரின் தொண்டையில்தான் இருக்கும். கூத்து வாத்தியார் ஒருவர் உடன் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

பள்ளி நாடகத் தொகுப்பு: பாத்திரங்கள் நிறைய இருக்கும், ஆளுக்கு இரண்டு வரி வரும். ஆண்டு விழாவுக்குச் சரி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அட்டையில் ஓர் ஆசிரியரின் பெயரோடு 'நாடகங்கள்' என்று போட்டிருக்கும், உள்ளே திறந்தால் அந்த நாடகங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை இருக்கும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய புத்தகம் எங்களுக்கு அப்படித்தான் வந்தது, திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. உரையாடல் உள்ள ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள்.

3. தனியாகப் பேசி நடிக்கப் பகுதி தேடுபவர்களுக்கு

நாடகப் பள்ளி நேர்முகத்துக்கோ, சினிமா ஆடிஷனுக்கோ, போட்டிக்கோ இரண்டு நிமிடப் பேச்சு ஒன்று வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கென்றே தொகுப்புகள் உண்டு. ஆண், பெண், வயது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சிறு குறிப்போடு வரும். தமிழில் அப்படி ஓர் அடுக்கே இல்லை என்று சொல்லலாம். அதனால் நீங்களே தொகுத்துக்கொள்வதுதான் வழி.

முதல் ஊற்று முழு நாடகங்கள். அண்ணாதுரை, பாரதிதாசன் நாடகங்களில் ஒரே மூச்சில் பேசும் நீண்ட வசனங்கள் கிடைக்கும், இருவர் நூல்களும் நாட்டுடைமை ஆனவை, அதாவது அரசே உரிமையை வாங்கிப் பொதுவாக்கியவை. கூத்துக் குடும்பத்திலிருந்து வரும் பெண்ணாக இருந்தால் பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் சபையில் அவள் கேட்கும் கேள்விகளை எடுத்துப் பாருங்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவைச் சின்ன வயதிலிருந்து பார்த்த குரலுக்கு அது எளிதாக ஏறும். கண்ணகி வழக்குரைக்கும் இடத்தை மட்டும் எடுக்காதீர்கள். தேர்வு செய்கிறவர் அன்றைக்கு அதை எத்தனையாவது தடவை கேட்கிறாரோ!

இரண்டாவது ஊற்று சிறுகதை. 'நான்' என்று தன்மையில் சொல்லப்படும் கதையிலிருந்து ஒன்றரைப் பக்கம் எடுத்தால் நல்ல பேச்சு கிடைக்கும். புதுமைப்பித்தன் (மறைவு 1948), கு.ப. ராஜகோபாலன் (மறைவு 1944) இருவர் எழுத்துக்கும் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் தயங்காமல் எடுக்கலாம். இன்று எழுதிக்கொண்டிருப்பவர் கதை என்றால் கேட்டுவிட்டு எடுங்கள், கதையை நாடகமாக்குவது தனி உரிமை.

மூன்றாவது, பழைய மேலை நாடகங்கள். செக்கோவின் 'புகையிலையின் தீங்கு' முழுக்க ஒரே ஆள் பேசுவது, நடுவயது ஆணுக்கு அருமையான வேடம். ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் 'வலிமையானவள்' நாடகத்தில் இரண்டு பெண்கள், ஒருத்தி மட்டும் பேசுவாள், மற்றவள் கடைசிவரை வாய் திறக்க மாட்டாள். அதில் பேசாத வேடம்தான் கஷ்டம் என்பேன், அது வேறு கதை.

ஆங்கிலத் தனிப்பேச்சுத் தொகுப்பு வாங்குவதென்றால் இரண்டைக் கவனியுங்கள். சிலவற்றில் உள்ள பேச்சுகள் எந்த நாடகத்தையும் சேராதவை, தொகுப்புக்காகவே எழுதப்பட்டவை. 'அச்சான நாடகத்திலிருந்து ஒரு பகுதி' என்று கேட்கும் தேர்வுகளில் இவை செல்லாது. அடுத்தது, பகுதி மட்டும் இருக்கும், முழு நாடகம் இருக்காது. "இவள் இதை யாரிடம் சொல்கிறாள், இதற்கு முந்தைய காட்சியில் என்ன நடந்தது?" என்று கேட்டால் விழிப்பீர்கள். முழு நாடகத்தைப் படிக்காமல் ஒரு பகுதியையும் எடுக்காதீர்கள்.

டெல்லி தேசிய நாடகப் பள்ளி, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், அந்த ஆண்டு அறிவிப்பை வரி விடாமல் படித்த பிறகு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். மொழி, நேரம், எந்த நாடகத்திலிருந்து என்பதையெல்லாம் அவர்களே சொல்லியிருந்தால் உங்கள் தேர்வுக்கு வேலையே இல்லை.

நேரத்தைப் பக்கக் கணக்கில் பார்க்காதீர்கள். செல்போனில் ஓடவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு நிமிடம் கேட்டால் உங்கள் பேச்சு ஒன்றே முக்கால் நிமிடத்தில் முடியட்டும். மேடையில் ஏறியதும் எல்லோருக்கும் இடைவெளி கூடும்.

4. எங்கே தேடுவது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மைய நூலகங்களில் உறுப்பினர் ஆகிவிடுங்கள். ஆதார் நகலும் சிறு தொகையும் போதும். நாடகம் தனி எண்ணில் அடுக்கப்பட்டிருக்கும், நூலகரிடம் கேட்டால் காட்டுவார். அச்சில் இல்லாத பழைய தொகுப்புகள் இப்படித்தான் கைக்கு வரும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமை நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் பழைய நாடகங்கள் உண்டு. ஆங்கிலத்தில் புராஜெக்ட் கூடன்பெர்க் தளத்தில் செக்கோவின் 'கரடி', 'திருமண விண்ணப்பம்' இரண்டும் ஜூலியஸ் வெஸ்ட் மொழிபெயர்ப்பில் இருக்கின்றன. இரண்டிலும் பேசும் பாத்திரங்கள் மூன்றுதான், ஒரு பெண், இரண்டு ஆண்கள், ஒரே அறை. சின்னக் குழுவுக்கு இதைவிடத் தோதான நாடகம் கிடைப்பது அரிது.

காசு கொடுத்து வாங்குவதென்றால் புத்தகத் திருவிழா வரை காத்திருங்கள். தருமபுரியிலும் ஓசூரிலும் நடக்கிறது. ஜனவரியில் சென்னைக் கண்காட்சிக்குப் போக முடிந்தால் மொரப்பூரில் ரயில் ஏறிவிடலாம். பொதுவாகப் பத்து சதவீதக் கழிவு உண்டு. பணத்தைவிடப் பெரிய லாபம், நின்றுகொண்டே புரட்டிப் பார்க்கலாம் என்பது. பதிப்பக ஆட்களிடம் ஆசிரியரின் தொடர்பையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு அது உதவும்.

ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம். அங்கே ரங்க சங்கரா நாடக அரங்கில் கன்னட, ஆங்கில நாடகங்களைப் பார்த்துவிட்டு, பிடித்ததன் புத்தகத்தைத் தேடலாம். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் நடிகர்கள் இங்கே நிறைய. மூலத்தையே படிக்கக்கூடிய ஆளைக் குழுவில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

5. கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

பின்னட்டைப் புகழுரையை விடுங்கள். நேராகப் பாத்திரப் பட்டியலுக்குப் போய், உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் ஆறு பேர் இருந்து, உள்ளே 'ஊர் மக்கள்', 'காவலர்கள்' என்று கூட்டம் வரும் நாடகங்கள் உண்டு, ஜாக்கிரதை. பிறகு நடுவில் ஒரு காட்சியைத் திறந்து மூன்று பக்கம் வாய்க்குள் பேசிப் பாருங்கள். எழுத்துத் தமிழ் வசனம் என்றால் அது வேண்டுமென்றே எழுதப்பட்டதா, எழுதியவருக்குப் பேச்சு வராததாலா என்று அதிலேயே தெரிந்துவிடும். கடைசியாக உரிமைப் பக்கம்: '©' குறிக்குப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது, ஆசிரியரா, வாரிசா, பதிப்பகமா? அதை அங்கேயே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'அனுமதியின்றி நிகழ்த்தக் கூடாது' என்று தனியாக ஒரு வரி இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.

6. புத்தகம் வாங்கினால் போடும் உரிமை வந்துவிடாது

பலர் சறுக்குவது இங்கேதான். முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியது படிக்க. மேடையில் போடுவதற்கான உரிமை ஆசிரியரிடம் இருக்கிறது.

இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகளும் நிற்கும். பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் மறைந்தார், ஆகவே 2025 ஜனவரி 1 முதல் அவர் நாடகங்களை யாரும் போடலாம். 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளுக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட ஆசிரியர்கள் என்றால் ஆண்டுக் கணக்கே வேண்டாம்.

மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள். செக்கோவ் 1904இல் போய்விட்டார். ஆனால் அவரைத் தமிழில் பெயர்த்தவர் உயிரோடு இருந்தால் அந்தத் தமிழ் அவருடையது. அவரிடம் கேளுங்கள், அல்லது உரிமைக் காலம் முடிந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து நீங்களே புதிதாகத் தமிழாக்குங்கள்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் சின்னக் குழுக்களுக்குச் சில விலக்குகள் உண்டு. தொழில்முறை அல்லாத குழு, கட்டணம் வாங்காத பார்வையாளர் முன் போடலாம். பள்ளி, கல்லூரியில் மாணவரும் ஆசிரியரும் போட்டு, பார்ப்பவர்களும் மாணவர், ஊழியர், பெற்றோர் போன்ற நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் என்றால் அதற்கும் விலக்கு உண்டு. ஆனால் இதை இழுத்து நீட்டாதீர்கள். வாசலில் உண்டியல் வைத்து 'நன்கொடை' வாங்கினால் அது கட்டணம் இல்லை என்று வாதாடுவது வம்பு. யூடியூபில் ஏற்றுவது இந்த விலக்கில் வராது. கதையை நாடகமாக்குவதும் மொழிபெயர்ப்பதும் வராது. விலக்கு இருந்தாலும் உயிரோடு இருக்கும் ஆசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுவதுதான் மரியாதை என்பது என் கட்சி. பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள், சிலர் பஸ் ஏறி வந்து பார்ப்பார்கள்.

7. அனுமதிக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்

"ஐயா, உங்கள் நாடகத்தைப் போட ஆசைப்படுகிறோம்" என்று ஒரு வரி அனுப்பினால், "சரி, போடுங்கள்" என்று ஒரு வரிதான் பதிலாக வரும். பிறகு எதற்குச் சரி சொன்னார் என்பதில் சண்டை வரும். கடிதத்தில் இவை இருக்கட்டும்: குழுவின் பெயர், பொறுப்பாளர், நாடகத்தின் பெயரும் பதிப்பும், எந்த ஊரில் எந்த இடம், தேதி, எத்தனை தடவை போடுவீர்கள், இலவசமா டிக்கெட்டா, டிக்கெட் என்றால் விலையும் இருக்கைகளும், ஒளிப்பதிவு செய்வீர்களா, நடிகர்களுக்குப் பிரதி ஜெராக்ஸ் எடுக்க அனுமதி.

மாற்றங்களைத் தனியாகப் பட்டியலிடுங்கள். இரண்டு காட்சிகளை வெட்டுவது, வசனத்தை நம் வட்டாரப் பேச்சுக்கு மாற்றுவது, பெண்கள் போதவில்லை என்பதால் அம்மா பாத்திரத்தை அப்பா ஆக்குவது, எல்லாமே மாற்றம்தான். அனுமதி கொடுத்த பிறகு நாடகத்தைப் பார்த்து ஆசிரியர் கோபப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசி ரகத்தால்தான்.

பதில் எழுத்தில் வேண்டும், சட்டமும் உரிமத்தை எழுத்தில்தான் கேட்கிறது. போனில் சொன்னால், "நீங்கள் சொன்னபடி" என்று ஒரு மின்னஞ்சல் எழுதி, அதற்குச் 'சம்மதம்' என்று பதில் வாங்கிவிடுங்கள். ஆசிரியர் மறைந்திருந்தால் வாரிசுகளில் யாரிடம் உரிமை என்று பதிப்பகத்திடம் கேளுங்கள். ஒரு மகன் சரி சொல்லி, இன்னொரு மகள் எதிர்ப்பது நடக்கக்கூடியதே. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள், ஒரு மாதம் காத்திருங்கள், ஒரு தடவை நினைவூட்டுங்கள். பதிலே வராவிட்டால் அது அனுமதி ஆகாது, வேறு நாடகம் பாருங்கள்.

8. செலவு

தமிழ்த் தொகுப்பு பெரும்பாலும் 150 ரூபாயிலிருந்து 500 ரூபாய்க்குள் வரும். இறக்குமதி ஆங்கிலத் தொகுப்பு ஆயிரத்தைத் தாண்டலாம். அச்சில் இல்லாத புத்தகத்தை இணையத்தில் சிலர் பல மடங்கு விலைக்குப் போடுவார்கள், நூலகத்தில் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள். ஜெராக்ஸ் பக்கத்துக்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ. அறுபது பக்க நாடகம், எட்டுப் பேர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், சில சமயம் இன்னும் மூன்று புத்தகம் வாங்குவது அதற்குச் சமமாக வந்துவிடும். உரிமைத் தொகைக்கு நிலையான விலைப்பட்டியல் கிடையாது. ஒரு தடவை போடுவதற்கு இவ்வளவு தர முடியும் என்று நீங்களே முதலில் ஒரு தொகையைச் சொல்லுங்கள். "உங்கள் விருப்பம்" என்று விட்டால் இரு பக்கமும் சங்கடம்.

9. எப்போது தொடங்குவது

பிப்ரவரியில் போட வேண்டும் என்றால் ஆகஸ்டிலாவது தேட ஆரம்பியுங்கள். நூலகத்திலும் இணையத்திலும் தேடி நான்கைந்து நாடகங்களாகக் குறைக்க ஒரு மாதம், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வாசித்து ஒன்றை முடிவு செய்ய இரண்டு மூன்று வாரம், அனுமதிக்கு இரண்டு மாதம், மீதி ஒத்திகைக்கு. வாசிப்புக்கு ஒரே ஒரு புத்தகம் போதும், கை மாற்றிப் படிக்கலாம். அனுமதி வரும் முன் மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

காவல் நிலையத்தில் மைக் அனுமதிக்கு எழுதும்போது சில இடங்களில் பழைய வழக்கப்படி முழுப் பிரதியையும் கேட்பார்கள். அப்படிக் கேட்க இடம் கொடுத்த 1954ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. வாக்குவாதம் செய்யாமல் இதைப் பணிவாகச் சொல்லி, வேண்டுமானால் ஒரு பக்கக் கதைச்சுருக்கம் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஊர்ப் பெரியவர்கள் பேச்சு, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து நாடகம் தொடங்க எட்டே முக்கால் ஆகிவிடும். எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நாடகத்தைத் திடலுக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்.